இலந்தை மரத்துக் காவல்

நஸீர் நானாவுக்கு எறும்புப் பைத்தியம். யாழ்ப்பாணத்துச் சோனகதெருவில் ஸ்டூடியோ வைத்துக் கல்யாண வீடுகளில் படமெடுத்துப் பிழைக்கிற மனுசன், மிச்ச நேரமெல்லாம் பக்கத்து வெறும் வளவில்தான் கிடப்பார். தொண்ணூறில் ஊர் முஸ்லிம்கள் எல்லோரோடும் துரத்தப்பட்டுப் புத்தளம் போன பெரியவாப்பாவின் வளவு அது. அவர் பிள்ளைகள் திரும்பி வரவில்லை, சாவி நானாவிடம். கூரையில்லாத சுவர், நடுவில் ஒரு இலந்தை, சுற்றிவரப் பற்றைக்காடு.

அந்த இலந்தையில் ஒரு சின்ன நீல வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். அதன் புழுவை எறும்புகள் தடவிக் கொடுக்கும். புழு ஒரு துளி இனிப்பு விடும். அந்தப் புழுவுக்குக் கிட்டக் குளவி வந்தால் எறும்புகள் விடுமா! கடித்துத் துரத்தும். அந்தக் கடியைப் படமாகப் பிடித்துவிட வேண்டும் என்று மனுசன் தவம் கிடந்தார்.

"நானா, வளவைத் துப்புரவாக்குங்கோ," என்று பக்கத்து வீட்டு றபீக்கா மதிலடியில் நின்று கெஞ்சினாள். "என்ரை மகள் சஜீதாவுக்குப் போன மாரியிலை டெங்கு வந்தது. ரெண்டாந்தரம் வந்தால் உயிருக்கு ஆபத்தெண்டு டொக்டர் சொன்னவர்."

"பற்றையிலை நுளம்பு முட்டையிடாது தங்கச்சி, தண்ணியிலைதான். இஞ்சை தண்ணி தேங்கினால் என்னைக் கேளுங்கோ."

சொன்னபடி செய்தவர்தான். உடைந்த பானை, யோகட் கப் ஒன்றையும் விடாமல் பொறுக்கி எறிந்தார். ஆனால் புத்தி எங்கே போனதோ! இலந்தையடியில் கமரா வைக்கிற மேசையில் எறும்பு ஏறுகிறதென்று, வீட்டில் சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்வதுபோல, நாலு காலுக்கும் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் வைத்தார். அதைத் தேங்கிய தண்ணீரென்றே அவர் நினைக்கவில்லை. கார்த்திகை மழையும் அதை வற்றவிடவில்லை.

சஜீதா திரும்பவும் டெங்குக் காய்ச்சலில் விழுந்தாள். நானாதான் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பதினேழு வயதுப் பிள்ளை, ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. மௌத்தாகிப் போனாள்.

ஜனாஸாவை அடக்கிவிட்டு வந்த பின்னேரம் வளவுக்குப் போனவர், சிரட்டைகளைக் குனிந்து பார்த்தார். நாலிலும் நுளம்புப் புழு நெளிந்தது. சேற்றிலேயே குந்திவிட்டார்.

அடுத்த நாள் றபீக்கா அவரைக் கண்டதும் அழுதாள். "நீங்கள் மனசிலை ஒண்டும் வையாதேங்கோ நானா. வளவைச் சொன்ன மாதிரித்தான் வைச்சிருந்தனீங்கள். அல்லாஹ்வின்ரை நாட்டம், நாங்கள் என்ன செய்யிறது?"

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. பாவி மனுசனால் முடியவில்லை.

"தண்ணி வைச்சது நான்தான், றபீக்கா. மேசைக் காலுக்கு."

அவள் அழுகையை நிறுத்தினாள். "என்னத்துக்கு?"

"எறும்பு... கமராவிலை ஏறாமல் இருக்க," என்றார்.