அந்த வீட்டில் மூன்று பேர்

மொன்றியலுக்கு வந்து நான் இருந்து செய்த முதல் வேலை அதுதான். அதற்கு முன் டோர்வலில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கும் இடத்தில் இரண்டு வருடம் நின்று கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. புது வேலை ஒரு பல்கலைக்கழகத்தின் நிலக்கீழ் அறையில். யன்னல் இல்லை. ஒரு பழைய கொம்பியூட்டரும், ஐந்து அட்டைப்பெட்டி நிறையப் படிவங்களும். எல்லாம் தாய்லாந்தின் வடகிழக்கில் உள்ள ஒரு சின்னக் கிராமத்தைப் பற்றியவை. வீட்டுக்கு ஒரு கட்டு. யார் யார் இருக்கிறார்கள், வயது என்ன, கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா, விறகு எங்கே பொறுக்குகிறார்கள், எத்தனை வாத்து, தினமும் எவ்வளவு அரிசி. அவற்றைப் பார்த்துத் தட்டவேண்டும். கடைசியில் அந்த ஊரின் மக்களையும் சுற்றாடலையும் பற்றி ஓர் அறிக்கை வரும் என்றார்கள்.

வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியவள் அங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு தாய்லாந்து மாணவி. அது அவளுடைய சொந்த ஊர். அறையின் மற்ற மூலையில் இருந்து கணக்குகள் போடுவாள். பேச்சுக் குறைவு. நாங்கள் இரண்டு பேரும் எங்களுக்குத் தெரிந்த இங்கிலிஷில் கதைத்துக்கொள்வோம்.

அந்த ஊரைத் தட்டத் தட்ட எனக்குப் பிடித்துவிட்டது. வெயில் காலத்தில் வயல் மண்ணில் உப்புப் பூக்குமாம். கிணறுகள் பாதி உவர். கூரையில் விழும் மழையை ஆளுயரச் சீமெந்துச் சாடிகளில் பிடித்துவைத்து வருடம் முழுக்கக் குடிப்பார்களாம். நெல் விளையாத நிலத்தில் யூக்கலிப்டஸ் நட்டிருந்தார்கள். இளந்தாரிகள் பாங்கொக்குக்குப் போனார்கள், மீன்பிடி வள்ளங்களில் ஏறினார்கள். ஊரில் மிஞ்சியது கிழடுகளும் குழந்தைகளும்தான்.

அங்கேதான் எனக்குத் தொல்லை ஆரம்பித்தது. படிவத்தில் ஒரு விதி இருந்தது. கடைசி மூன்று மாதத்தில் ஒரு இரவாவது அந்த வீட்டில் படுக்காதவர் அந்த வீட்டு ஆள் இல்லை. ஆனால் தாய்மார் சும்மா விடுவார்களா? பாங்கொக்கில் தையல் வேலை செய்யும் மகளையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். வேறொரு பக்கத்தில், ஊரைவிட்டுப் போனவர்கள் பட்டியலில், அதே மகள் இருப்பாள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பிழையானதைச் சிவப்புப் பேனையால் வெட்டவேண்டும். மற்றவர்களுக்கு அது அலுப்பான வேலை. நான் ஆசையாகச் செய்தேன். ஏன் என்று எனக்குத் தெரியும். வெட்டும்போதெல்லாம் என் அம்மாவோடு வாக்குவாதத்தில் வென்றுகொண்டிருந்தேன்.

என் தம்பி சண்டை நடந்த நாட்களில் சைக்கிளில் கடைக்குப் போனவன். திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. இந்தக் கதை நடந்த சமாதான காலத்தில் அதற்கு ஏழு வருடம் ஆகியிருந்தது. அம்மா யாழ்ப்பாணத்தில் தனியே இருந்தார். அவரை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட நான் படிவம் நிரப்பினேன். பிள்ளைகள் எல்லாருடைய விபரமும் கேட்டிருந்தார்கள். தம்பியை எங்கே இருப்பதாக எழுதுவது? மரணச் சான்றிதழ் இருந்தால் சிக்கல் இல்லை என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். அதற்கு முதலில் குடும்ப அட்டையில் அவன் பெயரை வெட்டவேண்டும். அம்மா ஒற்றைக்காலில் நின்றார். ஊர் அலுவலரான விதானையார் ஒவ்வொரு முறை அட்டை புதுப்பிக்க வரும்போதும், "மகன் இருக்கிறான்" என்றே அம்மா பதிவிப்பார்.

"ஏனம்மா உப்பிடி அடம்பிடிக்கிறியள்? ஆளில்லாத வீட்டுக்கு ஆளைக் காட்டிக்கொண்டு இருக்கிறியளே!" என்று ஒரு முறை ரெலிபோனில் கத்தினேன்.

"அவன் வந்தால் ஆர் பிள்ளை கதவு திறக்கிறது?" என்றார் அம்மா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவன் வரமாட்டான். அது உங்களுக்கும் தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று அவனைப் பெற்ற வயிற்றைப் பற்றி நான் நினைக்கவில்லை. இங்கே பனியில் நான் படும் பாட்டையும், அவர் அங்கே தனியே விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்பதையும் மட்டும்தான் நினைத்தேன்.

மாசி மாதம் ஒரு காலை, கடைசிப் பெட்டியில் அந்தக் கட்டு வந்தது. தாய், தகப்பன், இருபத்திரண்டு வயது மகன். மூன்று மாதத்தில் எத்தனை இரவு வீட்டில் படுத்தான் என்ற கேள்விக்கு, தொண்ணூறு என்று எழுதியிருந்தது. போனவர்கள் பக்கத்தைப் புரட்டினேன். அதே மகன், மீன்பிடி வள்ளம், போய் இரண்டு வருடம், செய்தி இல்லை. அரிசிப் பக்கத்தைப் பார்த்தேன். அந்தப் பக்கத்து ஆட்கள் ஒட்டும் அரிசியைப் பின்னேரமே ஊறப்போட்டு விடியத்தான் அவிப்பார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று அளவு உண்டு. இந்த வீட்டில் மூன்று பேருக்கு ஊறியது. இரண்டு பேர் உள்ள வீட்டில் மூன்று பேருக்கு அரிசி! ஒரே கட்டில் மூன்று பிழை பிடித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மகனை வெட்டினேன். தொண்ணூறை வெட்டினேன். அரிசியையும் குறைத்தேன். தாளை எடுத்துக்கொண்டுபோய் அவள் மேசையில் வைத்தேன்.

"இந்தத் தாயைப் பார். பொய் சொல்வதற்கும் ஒரு அளவு வேண்டாமா? இல்லாதவன் தண்ணீர் குடிக்கமாட்டான், சோறு தின்னமாட்டான். பிறகு எப்படி ஊர்க்கணக்குச் சரிவரும்?" என்றேன்.

அவள் தாளைப் பார்த்தாள்.

"இது எங்கள் வீடு" என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன், அந்தப் பட்டியலில் மகள் இல்லை. தன்னை அவள் ஒழுங்காக வெளியே எடுத்துவிட்டாள். தம்பியை மட்டும் எடுக்கவில்லை.

"விதியை எழுதியதே நான்தான். எல்லா வீட்டிலும் சரியாகக் கேட்டேன். எங்கள் வீட்டில் அம்மா பதில் சொன்னாள். தொண்ணூறு இரவும் வீட்டில்தான் படுத்தான் என்றாள். என்னால் வேறு எதையும் எழுத முடியவில்லை." அரிசி எழுதிய இடத்தில் விரலை வைத்து, "அரிசி பொய் இல்லை. அவள் தினமும் அவனுக்கும் சேர்த்துத்தான் ஊறப்போடுகிறாள். மிஞ்சுவதை வாத்து தின்கிறது" என்றாள்.

"நான் திருப்பி எழுதிவிடுகிறேன்" என்றேன்.

"வேண்டாம். நீ வெட்டியதுதான் சரி." தாளை என்னிடம் தந்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அவள் சாப்பிடப் போன நேரம், நான் கொம்பியூட்டரில் அந்த மகனைத் திருப்பிப் போட்டேன். மூன்று பேர். மூன்று பேருக்கு அரிசி. அறிக்கை வந்தபோது அந்த ஊரின் மொத்தத்தில் அவனும் இருந்தான். அவள் கண்டிருப்பாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஆளால் அந்த ஊர்க் கிணறுகள் வற்றிவிடப்போவதில்லை.

அவனைத் திருப்பிப் போட்ட அன்று பின்னேரம் மெட்ரோவில் வரும்போது எனக்கு என்மேலேயே வெட்கமாக இருந்தது. முன்பின் தெரியாத ஒரு தாய்க்கு விட்டுக்கொடுத்ததை என்னைப் பெற்றவளுக்கு ஏன் விட்டுக்கொடுக்கவில்லை? வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன், இனி அம்மாவை வற்புறுத்த மாட்டேன், பெயர் இருந்துவிட்டுப் போகட்டும் என்று. "இதை எப்பவோ செய்திருக்கலாம்" என்றார் அவர்.

ஞாயிறு காலை ரெலிபோன் கார்ட் ஒன்று வாங்கி வந்து, அடுத்த வீட்டு இலக்கத்துக்கு எடுத்து, அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்தார். நான் வாய் திறக்க முதல் அவரே சொன்னார்.

"வெள்ளிக்கிழமை விதானையாரிட்டைப் போனனான் பிள்ளை. தம்பியின்ரை பேரை வெட்டியாச்சு. சான்றிதழுக்கும் கையெழுத்து வைச்சிட்டன்."

"அம்மா..."

"நீ சொன்னது சரிதானே. எத்தினை நாளைக்கெண்டு நானும் பொய் சொல்லுறது?"

"திருப்பிப் போடச் சொல்லுங்கோ அம்மா. நான் இனிக் கேக்கமாட்டன். நாளைக்கே போய்ச் சொல்லுங்கோ."

"அது ஏலாது. செத்தவையை வெட்டினாப் பேந்து போடமாட்டினம்."

நான் அழத் தொடங்கினேன். அம்மா அழவில்லை. அவர் குரல் கடையில் சாமான் விலை சொல்வது மாதிரி இருந்தது.

"அழாதை. நீ கேட்ட கடுதாசி எல்லாம் அனுப்பிவிடுறன். ஆனா நான் வரேல்லை, பிள்ளை."

"ஏனம்மா? இனி என்ன தடை?"

"உனக்காக என்ரை பிள்ளையை நானே சாக்காட்டிப் போட்டன். இனி உன்ரை வீட்டை வந்திருந்து நான் என்னெண்டு சோறு தின்னிறது?"

கடுதாசிகள் சொன்னபடியே வந்தன. அம்மா வரவேயில்லை.