அம்மா காயவைத்த ஆற்றுமண்

எங்கள் வயலுக்குப் பாயும் ஆற்றின் வண்டலில் உலோக நஞ்சு இருக்கிறதா என்பதுதான் என் எம்.எஸ்சி. ஆய்வு. கான்சாபுரத்து வீட்டு மாடியில் வண்டலைப் பேப்பரில் காயவைத்து, ராஜபாளையத்து லேபுக்குக் கொண்டுபோனேன். துத்தநாகம் எக்கச்சக்கமாக இருந்தது.

அந்தத் தண்ணீரை நம்பித்தான் ஊரே நாற்று நட்டிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா கேட்கவும் சொல்லிவிட்டேன்.

"பேப்பரு காத்துல பறந்துச்சுய்யா. கோழிக்கூட்டுக்கு வாங்குன புதுத் தகரத்துல கொட்டிக் காயவச்சு, பொறவு பேப்பர்லயே அள்ளி வச்சேன்."

அந்தத் தகரத்தின் பூச்சே துத்தநாகம்தான்! புதிதாக வண்டல் எடுத்து, பிளாஸ்டிக் தட்டில் காயவைத்துச் சோதித்தேன். அளவு சாதாரணமாக இருந்தது.

"ஒன் படிப்பைக் கெடுத்துட்டேனாய்யா?"

"இல்லம்மா, நம்ம ஆறு நல்லாருக்கு."

நான் என்ன படிக்கிறேன் என்பதை அம்மாவுக்கு அன்றுதான் முதன்முதலாக விளக்கிச் சொன்னேன். பாதியிலேயே அம்மா கேட்டார்: "அப்ப அந்தத் தகரத்தைக் கூட்டுக்குப் போட்டுரலாம்ல?"