சுயேச்சையாக நின்ற பூசணி

கிள்ளானில் இருக்கும் அந்தக் கல்லூரிக் கட்டடத்துக்கு நாலாவது மாடி கிடையாது. மூன்றுக்கு மேலே ஏறினால் 'மூணு ஏ' வரும். நாலு என்ற எண் சீனர்களுக்கு ஆகாது என்பதால் லிஃப்டில் அந்தப் பொத்தானின் பெயர் 3A. கட்டடத்தைக் கட்டியவர் சீனர், வாங்கிக் கல்லூரி நடத்துபவர் தமிழர். பயம் மட்டும் பத்திரத்தோடு சேர்ந்து கைமாறியிருந்தது.

இல்லாத அந்த மாடியின் கோடியில், உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்த அறையில்தான் மாணவர் வானொலி நடந்தது. 'மூணு ஏ வானொலி' என்று வைத்த பெயர், சொல்லிச் சொல்லி 'மூணே வானொலி' ஆகிவிட்டது. இணையத்திலும் கேட்கலாம், கேண்டீனில் இரண்டு ஒலிபெருக்கிகளிலும் கேட்கலாம். "மூணே பேர்தான் கேக்கறாங்களா?" என்று புதிதாய்ச் சேரும் மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள். சில மதியங்களில் மூணு என்பதே மிகைதான்.

அதன் பொறுப்பாளர் குணபூசணி. குணத்தையே அணிகலனாகப் பூண்டவள் என்ற பொருளில், பென்ஷன் இலாகாவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த அவளுடைய அப்பா விநாயகமூர்த்தி தேர்ந்து வைத்த பெயர். பிரிக்ஃபீல்ட்ஸில், யாழ்ப்பாணத்து உறவினர்கள் மத்தியில், அந்தப் பெயருக்கு மரியாதை இருந்தது. கிள்ளானில் அது பூசணிக்காய். முதல் வாரம் அழுதாள். இரண்டாவது வாரம் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து, "வணக்கம், பூசணி பேசறேன்" என்றாள். பெயர் அவளுடையதாகிவிட்டது.

தினமும் கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறுவாள். சுபாங் ஜெயா வரும்போது பாதித் தூக்கம், ஷா ஆலாமில் முழுத் தூக்கம். புக்கிட் பாடாக் தாண்டியதும் யாரோ தோளைத் தட்டியதுபோல விழித்துக்கொள்வாள். அந்த ஒரு மணி நேரத்தில் கண்ட கனவைத்தான் முதன்முதலில் வானொலியில் சொன்னாள். கடல் மீது தண்டவாளம் போட்டிருந்ததாம், டிக்கெட் பரிசோதகர் நீந்தி வந்தாராம். சொல்லி முடித்த பிறகு கேண்டீனிலிருந்து ஒருவன் போன் செய்து, "நேத்து நானும் தண்ணியிலதான் இருந்தேன் அக்கா" என்றான். அப்படிப் பிறந்தது 'ராத்திரி என்ன கண்டீங்க?' என்ற நிகழ்ச்சி. மதியம் ஒரு மணிக்கு யார் வேண்டுமானாலும் கூப்பிட்டு, தாங்கள் கண்ட கனவைச் சொல்லலாம். யாரும் அர்த்தம் சொல்லக் கூடாது என்பது ஒரே விதி. கணக்கியல் படிப்பவர்கள் மிக விசித்திரமான கனவுகளைக் கண்டார்கள். நாடகம் படிப்பவர்கள் பெரும்பாலும் தேர்வைக் கண்டார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தாலும், ஜன்னலுக்குக் கீழே போகும் ரயிலின் சத்தத்தை அது தடுத்ததில்லை. ஆகவே ரயில் வந்தால், பேசுகிறவர் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் நிறுத்துவார். ஒலிவாங்கியை மூட மாட்டார், சும்மா இருப்பார். ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். கேட்பவர்களும் சோற்றைப் பிசைந்தபடி காத்திருப்பார்கள்.

மார்ச் மாதம் ஷான் வந்தார். கல்லூரியின் விளம்பரப் பிரிவுக்குப் புதிய மேலாளர், பெட்டாலிங் ஜெயாவில் பெரிய நிறுவனங்களில் வேலை பார்த்தவர், நல்ல மனிதர். அதுதான் சிக்கல். கெட்ட மனிதராக இருந்தால் எதிர்ப்பது சுலபம். அவர் மூணு ஏ மாடிக்கு வந்து, முட்டை அட்டைகளைத் தொட்டுப் பார்த்து, உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"இவ்ளோ டேலண்ட்ட வெச்சிக்கிட்டு இந்த ஸ்டோர்ரூம்ல இருக்கீங்களே. கீழ லாபியில கண்ணாடி ஸ்டுடியோ கட்டித் தரேன். ரயில் சத்தமே வராது."

"பதிலுக்கு?" என்றாள் குணபூசணி.

"ஒண்ணும் இல்ல லா. ஸ்கிரிப்ட் மட்டும் ஒரு நாள் முன்னாடி எனக்கு அனுப்பிடுங்க. ஃபார்மாலிட்டி."

அருகில் நின்ற ஜீவன், முதலாம் ஆண்டுக்காரன், மெதுவாகக் கேட்டான்: "மிஸ்டர் ஷான், ஒரு மணிக்கு கனவு ப்ரோகிராம் இருக்கே?"

"அதுவும் அனுப்புங்க."

"இன்னைக்கு ராத்திரி காணப்போறத இன்னைக்கு மதியமே எழுதணுமா?"

ஷான் சிரித்தார். ஆனால் மறுநாள் வந்த சுற்றறிக்கை சிரிக்கவில்லை. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து மூணே வானொலி விளம்பரப் பிரிவின் கீழ் வரும். அறிவிப்பாளர்களை அந்தப் பிரிவே தேர்வு செய்யும். கனவுகளுக்குத் தனிச் சலுகை எதுவும் குறிப்பிடப்படவில்லை.

பன்னிரண்டு மாணவர்கள் உடைந்த நாற்காலிகளில் கவனமாக உட்கார்ந்து, கண்ணாடி அறை வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அதை வானொலியிலேயே அறிவிப்பது என்றும் முடிவாயிற்று. அறிவிக்கும் வேலை குணபூசணிக்கு. அவளுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. 'சுதந்திர வானொலி' என்றால் நாட்டின் சுதந்திர தினமான ஆகஸ்ட் முப்பத்தொன்று நினைவுக்கு வருகிறது. 'தன்னாட்சி' என்றால் கிள்ளான் தனி நாடு கேட்பதுபோல இருக்கிறது. 'தனி' என்றால் பாவமாக இருக்கிறது. ரயிலில் எதிரே இருந்தவர் விரித்து வைத்திருந்த தமிழ்ப் பத்திரிகையில் 'சுயேச்சை' என்ற சொல் பெரிதாக இருந்தது. சொந்த இச்சை. அழகான சொல்லாகப் பட்டது. அந்தச் செய்தி எதைப் பற்றியது என்று படிப்பதற்குள் ஷா ஆலாம் வந்துவிட்டது. தூங்கிவிட்டாள்.

அந்தச் செய்தி, பக்கத்துத் தொகுதியில் வரவிருந்த இடைத்தேர்தலைப் பற்றியது. அந்த வாரம் வேட்புமனுத் தாக்கல்.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு அவள் ஒலிவாங்கியைத் திறந்தாள். "வணக்கம். குணபூசணி பேசறேன். ஒரு முக்கியமான அறிவிப்பு. இந்த மாதத்திலிருந்து மூணே வானொலி..." என்று அவள் சொல்லும்போது ரயில் வந்தது. கடைசி மூன்று சொற்களையும் அது மிதித்துக்கொண்டு போயிற்று. வழக்கப்படி அவள் காத்திருந்தாள். ரயில் போனதும், விட்ட இடத்திலிருந்து, தெளிவான குரலில் தொடர்ந்தாள்: "...சுயேச்சை. எந்தப் பக்கமும் சேராம, உங்களுக்காக நிக்கப் போறோம். உங்க ஆதரவு வேணும்."

கேண்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் வறுத்துக்கொண்டிருந்த உஷாராணி ஆன்டி கரண்டியை வைத்தார். "நம்ம பூசணி எலெக்ஷன்ல நிக்குதாம்" என்றார். அந்த வாக்கியத்துக்கு ரயில் எதுவும் குறுக்கே வரவில்லை.

அவள் கீழே இறங்கி வந்தபோது தொகுதி தயாராக இருந்தது.

"ஏம்மா, எங்க வீட்டுக்கு முன்னாடி லோங்காங் அடைச்சிக்கிட்டு ரெண்டு மாசம் ஆச்சு. மழை வந்தா சாக்கடைத் தண்ணி உள்ள வருது," என்றார் ஆன்டி. "நீ ஜெயிச்சா முதல்ல அத பாரு."

"ஆன்டி, நான் எதுலயும் நிக்கல."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க."

"சின்னம் என்னக்கா?" என்று ஒருவன் கேட்டான். "பூசணிக்காய்தானே? பிரச்சாரத்துக்கு ஆளுக்கு ஒண்ணு குடுப்பீங்களா?"

மறுத்தாள். மறுக்க மறுக்க அவளுடைய அடக்கம் மக்களுக்குப் பிடித்துப்போனது. மாலை ரயிலில் அவளுக்கு எழுந்து இடம் கொடுத்தான் கல்லூரிப் பையன் ஒருவன். வீட்டுக்கு வந்தால், செய்தி அவளுக்கு முந்திய ரயிலில் வந்து சேர்ந்திருந்தது. விநாயகமூர்த்தி சட்டைப் பொத்தானைப் போட்டபடி எழுந்து நின்றார்.

"பிள்ளை, நீ எலெக்ஷனில நிக்கிறியோ?"

"இல்லப்பா."

"நிக்கிறதெண்டா நில்லு. ஆனா ஃபோர்ம் எல்லாத்தையும் ரெண்டு கொப்பி எடுத்து வை." முப்பத்தொரு வருட அரசாங்க வேலையில் அவர் கற்றதை அவ்வளவு சுருக்கமாகச் சொல்லி அவள் கேட்டதில்லை.

திங்கட்கிழமை டத்தோ பழனியப்பன் கூப்பிட்டனுப்பினார். கல்லூரியின் உரிமையாளர்; டத்தோ என்பது அரசு தந்த பட்டம். தமிழ் விழா எதுவானாலும் தலைமை அவருக்குத்தான். தூய தமிழ் பேச வேண்டும் என்று மணிக்கணக்கில் பேசுவார்; அந்தப் பேச்சை இன்னொருவர் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து கொடுப்பார். அன்று மேசையில் பேச்சு எதுவும் இல்லை, ஒரு கடிதம்தான் இருந்தது. பக்கத்தில் ஷான், தூங்காத கண்களோடு.

"நம்ம கல்லூரிக்கு அரசியல் வேண்டாம்மா," என்றார் டத்தோ. "மேலிடத்திலிருந்து எனக்கு எத்தனை போன் தெரியுமா? நீ எந்தக் கட்சி ஓட்ட உடைக்கப் போறேன்னு கேக்கறாங்க."

"டத்தோ..."

"இரு. இத படி."

படித்தாள். மூணே வானொலிக்கும் கல்லூரி நிர்வாகத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. அதில் ஒலிபரப்பாவதற்கு நிர்வாகம் பொறுப்பாகாது. அதை நடத்துவது முழுக்க முழுக்கத் தற்போது பதிவிலுள்ள மாணவர்களே. கல்லூரி ஊழியர் எவரும் அதன் நடவடிக்கைகளில் தலையிடக் கூடாது. ஒலிபரப்பில் கல்லூரியின் பெயரைச் சொல்லக் கூடாது. கண்ணாடி அறைத் திட்டம் ரத்து. கீழே கையெழுத்து, முத்திரை.

குணபூசணிக்கு அறை லேசாக மிதப்பதுபோல இருந்தது. கெஞ்சியும் சண்டை போட்டும் பெற முடியாது என்று நினைத்த ஒன்றை, பயந்துபோய், முத்திரை குத்திக் கையில் கொடுக்கிறார்கள். கனவில் இப்படித்தான் கிடைக்கும்; அங்கே யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அவள் வாங்கிக்கொண்டு கதவு வரை போனாள். போயிருக்கலாம். ஆனால் ஒரு தப்புச் சொல்லின் மேல் வானொலியை உட்கார வைத்தால், அது தெரியவரும் நாளில் கடிதம் தானே செல்லாமல் போகும். ரெண்டு கொப்பி எடுத்தாலும் போகும். திரும்பி வந்தாள்.

"டத்தோ, நான் தேர்தல்ல நிக்கல. ரேடியோதான் சுயேச்சைன்னு சொன்னேன். யாருக்கும் கீழ இல்லாம, தன் இஷ்டப்படி நடக்கறது. அந்தச் சொல்லுக்கு அகராதியில முதல் அர்த்தம் அதுதான். நடுவுல ரயில் வந்துடுச்சு."

ஷான் நாற்காலியில் நிமிர்ந்தார். "அப்போ லெட்டர் தேவையில்ல டத்தோ. பழைய பிளான்படியே..."

டத்தோ கையை உயர்த்தினார். சுவரில், தமிழ்ப் பணிக்காக அவருக்குக் கிடைத்த கேடயங்கள் வரிசையாக இருந்தன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை; அவைதான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"சுயேச்சைன்னா என்னன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா?"

"இல்ல டத்தோ."

"அகராதி அர்த்தம் தெரிஞ்சுதான் கையெழுத்து போட்டேன். தன் இஷ்டப்படி நடக்கணும்னுதானே எழுதியிருக்கேன்? படிச்சுப் பாரு."

படித்துப் பார்த்தாள். உண்மையில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஷான் எதையோ சொல்ல வாயெடுத்து, தமது சம்பளத்தை நினைத்தோ கேடயங்களை நினைத்தோ விட்டுவிட்டார். வெளியே வந்து லிஃப்டுக்காக நின்றபோது அவளிடம், "நானும் ஒரு கனவு வெச்சிருந்தேன், ஒன் ஓ'க்ளாக் ப்ரோகிராமுக்கு," என்றார். விளையாட்டாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

கடிதம் மூணு ஏ மாடியின் சுவரில், முட்டை அட்டைகளுக்கு நடுவே ஏறியது. ஜீவன்தான் அதை உரக்கப் படித்தான். 'தற்போது பதிவிலுள்ள மாணவர்களே' என்ற இடத்தில் நின்று, மறுபடி படித்தான். மற்ற எல்லாரும் குணபூசணியைப் பார்த்தார்கள். மூன்றாண்டுப் படிப்பில் அவளுக்கு அது நான்காம் ஆண்டு. புள்ளியியல் தாளை அவள் இருமுறை எழுதாமல் விட்டிருந்தாள். காய்ச்சல் என்றாள் ஒரு முறை, ரயில் தாமதம் என்றாள் இன்னொரு முறை. அந்தத் தாள் பாக்கியிருக்கும்வரை அவள் மாணவி. மாணவியாக இருக்கும்வரை பொறுப்பாளர். வானொலி மாணவர்கள் கையில் இருக்க வேண்டும் என்று எல்லாரிடமும் சண்டை போட்டவள், நாலு வருடமாக அதை ஒரே மாணவியின் கையில் வைத்திருந்தாள்.

ஜூன் மாதம் போய் அந்தத் தாளை எழுதினாள். எளிதாக இருந்தது, அது அவளுக்குச் சற்றே அவமானமாக இருந்தது.

இப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில், வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதுகிறாள். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. ஒரு மணிக்குக் காதில் மூணே வானொலி. ஒருநாள் அதில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு நிமிடம் போயிற்று. நான்கு வருடத்தில் அவள் ரயிலுக்குத் தவிர வேறு எதற்கும் இவ்வளவு மௌனத்தை அனுமதித்ததில்லை. ஐந்தாவது நிமிடத்தில் கூப்பிட்டுவிட்டாள்.

"ஜீவன், லைன்ல சத்தமே வரல. ஒயர் பாத்தியா?"

"ஒயர் நல்லா இருக்கு அக்கா. ஜன்னல தொறந்து மைக்க வெளிய நீட்டி வெச்சிருக்கோம். மழைச் சத்தத்த நேரடியா போட வெயிட் பண்றோம்."

"எப்ப வரும்?"

"தெரியல லா. ஷா ஆலாம்ல பேயுதுன்னு ஒருத்தர் மெசேஜ் போட்டாரு."

"அதுவரைக்கும் ஒண்ணும் போட மாட்டீங்களா? ஒரு பாட்டாவது போடுங்க. இங்க பெட்டாலிங் ஜெயாவுல மழை வந்துடுச்சு, நல்லா பேயுது. வேணும்னா போன ஜன்னல்கிட்ட பிடிக்கிறேன்."

மறுமுனையில் கலந்து பேசினார்கள். வாக்கெடுப்புகூட நடந்திருக்கும்போல, அவ்வளவு நேரம் ஆயிற்று.

"வேணாம்னு முடிவு பண்ணிட்டோம் அக்கா," என்றான் ஜீவன். "அது உங்க மழை."

குணபூசணி போனை மேசைமேல் வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. சோற்று டப்பாவை மூடும்போது சிரிப்பும் வந்தது. எதிரே கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டிருந்தது. காதில் கிள்ளானின் வெயில், சத்தமில்லாமல், நேரடியாக ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. புகார்க் கடிதங்கள் காத்திருந்தன. இரண்டு மணி வரை அவள் இயர்போனைக் கழற்றவில்லை.