அம்மா பக்கத்து பிரேக்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. பாண்டி ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டு செஞ்சிக்குத் திரும்பும்போது, அம்மா எங்கள் காரை வழியெல்லாம் நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள்.

2. மருந்தால் வந்த வாந்தி என்று நானும் நைனாவும் நினைத்தோம். வண்டி நாற்றத்தால் வந்தது என்று அம்மா சொன்னாள்.

3. அடுத்த ஊசிக்கு இந்த வண்டியில் வரமாட்டேன் என்றாள். மறுநாள் காலையில், அடுத்த ஊசிக்கே வரமாட்டேன் என்று மாற்றிக்கொண்டாள்.

4. நான் முன்சீட்டுக்கு அடியில் தலையை விட்டு மோந்து பார்த்தேன். அம்மா சொன்னது சரி.

5. நாற்றம் தரைக் கார்ப்பெட்டில் இருந்தது. அதைப் பிடுங்கி எறிந்தேன்.

6. புதுக் கார்ப்பெட் வாங்கி வெட்டினேன். டிரைவர் பக்கத்துத் துண்டு தப்பாகிவிட்டது.

7. அது ஊசிக்கு முந்தின நாள்.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றுகிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஊசி என்றுதான் பெயர். தேதி தள்ளக்கூடாது என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார். மருந்து ஏற ஏற அம்மாவின் மூக்கு கூர்மையாகிவிட்டது. பக்கத்து வீட்டில் கடுகு வெடிப்பதற்கு முன்பே, எண்ணெய் காய்வது அவளுக்குத் தெரிந்துவிடும். தொற்று வரும் என்பதால் பஸ் கூடாது. முதல் ஊசிக்கு வாடகைக் காரில் போனோம். அதன் ஏசி முன்னால் மாட்டியிருந்த சென்ட் புட்டி அம்மாவைப் படுத்திய பாட்டில் திண்டிவனம் தாண்டுவதே பெரும்பாடாகிவிட்டது. மீதி இருந்தது நைனாவின் அம்பாசடர்தான்.

அந்த வண்டி எனக்கு மூத்தது. நைனா பஸ் ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டிய காலம் முடிந்து நிலத்தைப் பார்க்க வந்தபோது, டாக்ஸித் தொழிலை விட்டாரே தவிர வண்டியை விடவில்லை. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை, பம்புசெட்டு மோட்டார், உர மூட்டை எல்லாம் அதில்தான் போகும். முன்பக்கம் ஒரே நீள சீட்டு. லைட்டை மங்கலாக்கும் சுவிட்ச் கிளட்சுக்குப் பக்கத்தில் தரையிலேயே இருக்கும்; இடது காலால் மிதிக்க வேண்டும்.

நான் மெக்கானிக்கல் படித்தவள். ஒரகடம் பக்கம், கார் கதவுகளுக்கு உள்பக்கப் பலகை செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. அம்மாவுக்காக லீவில் வந்திருந்தேன். அங்கே புதுப் பொருளை மோந்து பார்த்து மதிப்பெண் போட என்றே ஆட்கள் உண்டு. வீட்டில் அந்த வேலைக்கு அம்மா இருந்தாள்.

முன்சீட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, நானும் நைனாவும் சீட்டைத் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் வைத்தோம். அன்று முதல் தெருவில் போகிறவர்கள் எல்லாம் அதில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். எதிர்வீட்டு அக்கா தினமும் வந்தாள்.

"இன்னா பாப்பா, காரைப் பிரிச்சிப் போட்டு எண்ணிப் பாக்கறியா?"

"கார்ப்பெட் மாத்தறேன் அக்கா."

"எங்கூட்டுத் தரைக்கே ஒண்ணுமில்ல. உங்க காருக்குக் கம்பளமா? நடத்து நடத்து."

பழைய கார்ப்பெட்டைத் தூக்கியபோது, அடியில் மெத்தைபோல் இருந்த ஃபெல்ட் கையோடு வந்துவிட்டது. சுருக்கிச் சொன்னால் மல்லாட்டைத் தோல், ஈரம், என் பள்ளிக்கூடக் காலத்து ஹேர்பின், ஓர் எலிக்கூடு. நைனா குனிந்து பார்த்தார்.

"குடும்பமே நடத்தியிருக்குது. வாடகை ஒரு பைசா தரல."

அம்மா வாசல்படியில் நாற்காலியில் இருந்தாள். முகத்தில் பாதியைத் துண்டால் மூடியிருந்தாள். "நான் சொன்னப்ப யாரு நம்புனீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

தரைத் தகட்டைக் கம்பி பிரஷால் தேய்த்து, கழுவி, காயவிட்டேன். துருவுக்கு ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்தே ஆக வேண்டும். அந்த வாடை அடங்கும் வரை அம்மாவை மேல்சித்தாமூரில் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பினோம். சின்னம்மா ஒரு வார்த்தை கேட்காமல், தன் வீட்டில் தாளிப்பையே நிறுத்திவிட்டாளாம். அவள் பிள்ளைகள் அத்தனை நாளும் தாளிக்காத குழம்பு சாப்பிட்டிருக்கிறார்கள். இதை அவர்கள் யாரும் என்னிடம் சொல்லவில்லை. அம்மாதான் வந்து சொன்னாள்.

திண்டிவனத்தில் சீட் கவர் கடை ஒன்றில் மெரூன் நிறத்தில் கார்ப்பெட் கிடைத்தது. சுருளின் கடைசித் துண்டு. பின்பக்கத்துக்கும் முன்பக்கம் இரண்டு துண்டுக்கும் சரியாக இருக்கும், அதே நிறம் இனி எப்போது வரும் என்று தெரியாது என்றார் கடைக்காரர். ஒட்டுவதற்கு ஒரு டின் சொல்யூஷனும் கொடுத்தார். அம்மா திரும்பி வந்த அன்று வாசலில் அந்த டின் மூடியைத் திறந்தேன். உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது:

"எலியே தேவலாம்டி!"

மூடியை அழுத்தி மூடினேன். ஒட்டாமல் பொருத்துவது என்று முடிவானது. ஓரங்களைக் கதவடி அலுமினியப் பட்டைக்குக் கீழே செருகித் திருகிவிடலாம். டிரைவர் பக்கம் மட்டும் நழுவி பெடலுக்கு அடியில் போகக்கூடாது. அங்கே பிரஸ் பட்டன் வைக்கலாம். கார்ப்பெட்டை மொட்டைமாடிக் கொடியில் நாள்கணக்கில் வெயிலில் போட்டேன். தினமும் சாயங்காலம் அம்மா மாடிக்கு ஏறி வந்து, ஒரு முனையைப் பிடித்து மோந்துவிட்டு, "நாளைக்கும் காயட்டும்" என்பாள். ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனாள். அதையே பாஸ் என்று எடுத்துக்கொண்டேன்.

வெட்டுவதற்கு அளவு மாதிரி வேண்டும். பழைய கார்ப்பெட் உதிர்ந்துபோயிருந்தது. வீட்டில் மாமா மகன் கல்யாணத்துக்கு வைத்த ஃபிளெக்ஸ் பேனர் இருந்தது. மழைக்கு விறகு மூட வைத்திருந்தோம். ஒரு பக்கம் மணமக்கள், சுற்றிலும் சொந்தக்காரர்கள், கீழ் ஓரத்தில் தலை நிறையப் பூவோடு அம்மா. மறுபக்கம் வெள்ளை. வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி காருக்குள் டிரைவர் பக்கம் விரித்து, பெடல்கள், தரை சுவிட்ச், தரை நடுவில் எழும்பி ஓடும் நடுமேடு எல்லாவற்றையும் மார்க்கரால் குறித்து வெட்டி எடுத்தேன். கார்ப்பெட்டை அதன் அடிப்பக்கத்தில் கோடு போட்டுத்தான் வெட்ட வேண்டும். அதனால் மாதிரியையும் கவிழ்த்து, படங்கள் மேலே தெரியும்படி வைக்க வேண்டும். அப்படித்தான் வைத்தேன். மேலே நாலு கல் வைத்துவிட்டு, கத்திக்குப் புது பிளேடு எடுக்க உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது வெள்ளைப் பக்கம் மேலே இருந்தது. என் மார்க்கர் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. காருக்குள் அவற்றை அப்படியே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து வெட்டி முடித்தேன்.

சாயங்காலம் துண்டைக் காருக்குள் விரித்தோம். நடுமேட்டுக்கு வர வேண்டிய வளைவு கதவுப் பக்கம் வந்தது. பெடல் ஓட்டைகள் எதற்கும் நேராக இல்லை. நைனா சீட்டில்லாத தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெகுநேரம் பார்த்தார்.

"அமெரிக்கா வண்டிக்கு வெட்டிட்டியா பாப்பா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் விடிவதற்குள் கிளம்ப வேண்டும். பின்பக்கத்துக்கு வெட்டியது போக, கார்ப்பெட்டில் இன்னும் ஒரு முன்பக்கத் துண்டுக்குத்தான் துணி இருந்தது. தரையைத் தகடாகவே விட்டால் ரெட் ஆக்சைடு வாடையும் இன்ஜின் சூடும் மேலே வரும். அம்மா இவ்வளவு தூரம் இறங்கி வந்ததே "சரி, கார்ப்பெட்டு முடியட்டும், பாக்கலாம்" என்ற ஒரு வார்த்தையில்தான். முடியவில்லை என்றால் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாந்தான்டி திருப்பிப் போட்டேன்."

"எதை?"

"அந்த பேனரை. புதுசா தாலி கட்டிக்கினதுங்க. அதுங்க மூஞ்சி மேல முட்டி போட்டுக்கினு கத்தி வெக்கப் பாத்தியே! எம்மூஞ்சி மேல வேணா போடு, அதுங்க மேல வேணாம்."

நைனா தரையிலிருந்தே, "உம்மூஞ்சி மேல முட்டி போட எவளுக்குமே தைரியம் கெடையாது" என்றார்.

"யோவ், நீ சும்மா இரு."

அம்மா முகத்தில் பயம் இருந்ததைப் பார்த்தேன். நான் திட்டுவேன் என்ற பயம் இல்லை அது. ஊசிக்கே வரமாட்டேன் என்று தன் வாயாலேயே சொன்னவள், இப்போது தன்னால்தான் போக முடியாமல் ஆகிவிட்டதோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் போக வேண்டும் என்று இருந்தது. அது எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. அதற்காக, தப்பாக வெட்டிய அந்தத் துண்டுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இடமும் வலமும் மாறிய துண்டு என்றால், அது இடது பக்கத்துக்குச் சரியாகத்தானே இருக்க வேண்டும்? நடுமேடு இரண்டு பக்கமும் ஒன்றுதான். இழுத்து, பக்கத்து இடத்தில் விரித்தேன். வளைவு அளவெடுத்தது போல் உட்கார்ந்தது. வேண்டாத பெடல் ஓட்டைகள் மட்டும் அதில் இருந்தன. மிச்சத் துணியில், படம் மேலே தெரிய மாதிரியை வைத்து, டிரைவர் துண்டை வெட்டினேன். இந்த முறை மணமக்கள் முகத்தின்மேல், அம்மா மூக்கை மூடும் துண்டை விரித்துவிட்டுத்தான் முட்டி போட்டேன். அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டாள்.

பட்டன்களை அடித்து, பெடல்களைத் தரைவரை அழுத்தி விட்டு விட்டுப் பார்த்தேன். எங்கும் தடுக்கவில்லை. எதிர்வீட்டு அக்காவும் அவள் வீட்டுக்காரரும் சீட்டைத் தூக்க வந்தார்கள். கடைசியில், அம்மா பக்கத்து ஓட்டைகளை வெட்டுத்துண்டு வைத்துத் தைத்துவிடலாம் என்று ஊசி எடுத்தேன்.

"அடைக்காத," என்றாள் அம்மா. "கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து உங்க நைனா ஓட்டும்போது நான் வெறுந்தரையில மிதிச்சிக்கினு வரேன். இப்பதான் எனக்குன்னு ஒரு பிரேக்கு வெச்சிருக்க."

மறுநாள் இருட்டு விலகும் முன் கிளம்பினோம். அம்மா முன்சீட்டில் ஏறி, மூக்கிலிருந்து துண்டை எடுத்தாள். நானும் நைனாவும் அவள் மூக்கையே பார்த்தோம். அவள் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். மயிலம் பக்கம் ஒரு லாரி குறுக்கே வந்தபோது, அவளுடைய வலது கால் பிரேக் ஓட்டைக்குள் ஓங்கி மிதித்தது. வண்டி நின்றது.

"இன்னாமே, நீயா நிறுத்தின?" என்றார் நைனா.

"பின்ன? உன்ன நம்பியா வரேன்?"

இப்போதைய நிலவரம் இது. மூன்றாவது ஊசியும் நான்காவதும் தேதி தவறாமல் முடிந்தன. இன்னும் சில ஊசிகள் பாக்கி இருக்கின்றன. பின்சீட்டுக் கார்ப்பெட்டின் ஓர் ஓரம் தூக்கிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பட்டன் வாங்க வேண்டும். பேனர் மறுபடி விறகின்மேல், வெள்ளைப் பக்கம் மேலே தெரிய, இருக்கிறது. அம்மாவுக்கு வாந்தி வருகிறது, ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான். வண்டியில் நாற்றம் இல்லை.