சக்கரம் விற்க வந்தவர்

பந்தயத்துக்காக பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் இல்லாத ஒரு ஹார்ட்டெயில் மலைச் சைக்கிளைப் பாகம் பாகமாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். பழைய பொருள் விற்கும் செயலியில் கார்பன் சக்கரங்களைப் பார்த்துவிட்டு, விற்பவரைச் சிங்கப்பூரின் தெம்பனிஸ் எம்.ஆர்.டி ரயில் நிலைய வாசலில் சந்தித்தேன். ஒட்டிய கன்னம், வெயிலில் கறுத்த கைகள். பேசும்போதெல்லாம் ஸ்போக்ஸ் கம்பிகளைக் கட்டைவிரலால் சுண்டிக்கொண்டே இருந்தார்.

"ரொம்ப லேசான வீல் இது. நீங்க எத்தனை கிலோ அண்ணே?"

"அறுபத்தெட்டு," என்றேன். உண்மையில் எண்பத்து மூன்று.

சுண்டிய விரல் நின்றது. அவர் என் வயிற்றைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

"சாரி அண்ணே, மறந்தே போய்ட்டேன் லா. இத ஃபிரெண்டுக்குத் தரேன்னு சொல்லிருந்தேன்."

வீட்டுக்கு வந்து செயலியைத் திறந்தேன். சக்கரங்கள் விற்பனையில்தான் இருந்தன. கீழே ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது: ஓட்டுபவர் எழுபது கிலோவுக்கு மேல் இருந்தால் தாங்காது.

இப்போதும் தெம்பனிஸில் இறங்கினால், வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டுதான் நடக்கிறேன்.