ஒரே உண்டியலில் இரண்டு வேண்டுதல்

அன்று திருமலைக்குப் போனது நைனா, சித்தப்பா, நான், மூன்று பேர்தான். அம்மா வரவில்லை. அன்று வேர்க்கடலைக்குத் தண்ணீர் கட்டும் நாள். ஆயில் இஞ்சின் ஓடும்போது கிணற்றடியில் யாராவது இருந்தாக வேண்டும்.

அந்த இஞ்சின்தான் எங்கள் வீட்டின் முதல் சொத்து. நாகலாபுரம் பக்கம் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நைனா, பதினெட்டாயிரம் ரூபாய்க்கு அதை வாங்கிக் குத்தகை நிலத்தில் இறக்கிய பிறகுதான் ஊரார் அவரை விவசாயி என்றார்கள். டீசல் விலை ஏறினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

சித்தப்பா கொத்தனார். குவைத்துக்குப் போகப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார். கச்சா எண்ணெய் விலை ஏறினால் அங்கே பணம் புரளும், கட்டடம் எழும்பும், உடனே விசா வரும் என்று திருப்பதி ஏஜெண்ட் சொல்லியிருந்தார். அதனால் விலை ஏறிய அன்று சித்தப்பா இன்னொரு கை சோறு கேட்பார். குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். டீக்கடைப் பேப்பரைப் படித்துவிட்டு வந்து செய்தி சொல்வது என் வேலை. எந்த முகத்தைப் பார்த்துச் சொல்வது என்பதுதான் எனக்குக் குழப்பமாக இருக்கும்.

உண்டியல் வரிசையில் சித்தப்பா கேட்டார்: "ண்ணா, இன்னா வேண்டிக்கப் போற?"

"டீசல் எறங்கணும்னு. வேற இன்னா."

"அது எறங்கிட்டா நான் எப்டிண்ணா ஏரோப்ளேன் ஏறுறது?"

"ஏற வேணா. எங்கூட வந்து கடலை புடுங்கு."

முன்னால் நின்ற மொட்டைத் தலைக்காரர் திரும்பிச் சிரித்தார். ரெண்டு பேரும் ஒரே உண்டியலில் போட்டால் சாமி யார் பேச்சைக் கேட்பார் என்று தெலுங்கில் விசாரித்தார். "மூத்தவன் பேச்சைத்தான்" என்றார் நைனா, கொஞ்சமும் யோசிக்காமல்.

உண்டியலை நெருங்கியதும் சித்தப்பா சட்டைப் பையைத் தடவினார். அதில் ஒன்றும் இல்லை. நைனா மடியிலிருந்து இரண்டு பத்து ரூபாய்த் தாள்களை எடுத்து, ஒன்றைத் தம்பியின் கையில் வைத்தார். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு போட்டார்கள்.

கடலை பிடுங்கி முடிப்பதற்குள் விலை ஏறியது. பேப்பரைப் பார்த்துவிட்டு வந்து இருவருக்கும் பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னேன். அடுத்த மாதமே விசா வந்தது. சித்தப்பா சேர்த்து வைத்திருந்தது ஏஜெண்ட் கேட்ட தொகைக்கு எட்டவில்லை. நைனா நகரியிலிருந்து ஓர் ஆளைக் கூட்டி வந்து இஞ்சினைக் காட்டினார்.

வந்த ஆள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இஞ்சின் நல்லாத்தான் கீது. அதுக்கு ஊத்துறதுக்கு எவங்கிட்ட காசு கீது? எல்லாரும் கரெண்டு மோட்டாருக்கு அலைஞ்சிக்கினு கீறாங்க. ஏழாயிரம் தரேன்."

கத்தரிக்காய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிற நைனா, அன்று சொன்ன விலைக்கே தலையாட்டினார்.

இஞ்சின் டிராக்டரில் ஏறிப் போன பிறகு கேட்டேன்: "சாமி சித்தப்பா பேச்சத்தான கேட்டுச்சு, நைனா?"

"ரெண்டு நோட்டும் என்னுதுதானடா" என்றார்.

தோற்றவர் சமாளிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சித்தப்பா அனுப்பிய பணத்தில் பிறகு மின்மோட்டார் வந்தது. புத்தூரில் நான் கல்லூரி படித்ததும் அதில்தான். ஆனால் சித்தப்பாவை விமானம் ஏற்றிய அதே விலைதான் எங்கள் இஞ்சினைக் கேட்பாரில்லாமல் ஆக்கியது என்பதும், அது தெரிந்தேதான் நைனா பேரம் பேசாமல் நின்றார் என்பதும் அந்த வயதில் எனக்கு எட்டவில்லை. கணக்குப் பாடம் மட்டும் நன்றாக வந்தது. பதினெட்டில் ஏழு போனால் பதினொன்று. உண்டியலையும் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு பதினோராயிரத்து இருபது ரூபாய்.