வயிறு போட்டால் போடட்டும்

இரண்டு வருடங்களுக்கு முன், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாட்களில், வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் பிரசவ வார்டில் நடந்தது இது. எனக்கு அப்போதுதான் ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்திருந்தார்கள்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து கிளம்பி பஸ் ஸ்டாப் வரை போய், கேஸை மூடினேனா என்று திரும்பி வந்து பார்க்கிற ரகம் நான். பி.காம். படித்துவிட்டு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். கணவர் தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மாமியார் இன்னொரு ஷூ கம்பெனியில் பல வருடங்களாக மெஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைப்பவர். பெரியவர்கள் ஒன்று சொன்னால் சரி என்று கேட்டுக்கொண்டே வளர்ந்தவள் நான். மனதுக்குள் ஆயிரம் கேள்வி ஓடும், வாய் திறக்காது.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பதுதான் வழக்கம். ஆனால் நாட்றம்பள்ளியில் இருக்கும் என் அம்மா வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டதால், மாமியார் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொள்ள வந்தார். யாருக்கு இப்படிப்பட்ட மாமியார் கிடைப்பார் என்று ஊரே சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனாலேயே அவர் சொன்ன எதையும் மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

எட்டாவது மாதத்தில் எனக்குப் பிரஷர் ஏறி, கால்கள் வீங்கிவிட்டன. அதற்காகத்தான் ஆம்பூரிலிருந்து வேலூருக்கே அனுப்பினார்கள். ஆபரேஷனில் ரத்தமும் கொஞ்சம் அதிகமாகப் போனது. சிறுநீர் போகப் போட்டிருந்த டியூபை எடுத்துவிட்டு வார்டுக்கு மாற்றியபோது, நன்றாகச் சாப்பிடலாம், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று டாக்டர் அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர் தலை மறைந்ததும் மாமியார் ஆரம்பித்தார்.

“அவங்க சொல்லுவாங்க. நாளைக்கு வயிறு பானையாட்டம் நின்னா அவங்களா வந்து பாப்பாங்க? பச்ச உடம்புக்காரி தண்ணி ஜாஸ்தி குடிச்சா வயிறு போட்டுடும். தையல்ல சீழ் புடிச்சிக்கும்.”

எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் உள்ள பத்தியம்தான். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு உண்டு, சுட்ட கருவாடு உண்டு. தண்ணீர் மட்டும் கிடையாது. சாப்பிட்ட பிறகு ஒரு குட்டி டம்ளரில் வெந்நீர் கொடுப்பார். குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கைவிடக் கொஞ்சம்தான் பெரிய டம்ளர் அது. நடுவில் கேட்டால், நாக்கை நனைத்துக்கொள் என்பார்.

தாகத்தை அடக்குவது எனக்குப் புதிதில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. கம்பெனியில் பாத்ரூம் போக வேண்டுமென்றால் லைன் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, நம் இடத்தில் ஒருத்தியை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். அந்தச் சங்கடத்துக்காகவே பெண்கள் நாங்கள் தண்ணீர் பாட்டிலைப் பையை விட்டு வெளியே எடுப்பதில்லை. மாமியார் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் இருந்தார். ஆனால் அந்த வார்டில், தலைக்கு மேல் ஃபேன் அனலைக் கொட்டிக்கொண்டிருக்க, வராந்தாவில் யாரோ கேனிலிருந்து தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டால் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிடும்.

தையல் வலியோடு இடுப்பு வலியும் சேர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை எனக்குப் போதவில்லை. நான் முகத்தைச் சுளிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் மாமியார் தன் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார்.

“எங்க லைன்ல பாதிப் பேரு இதுலதான் ஓடறோம். போடு, வலி ஓடிடும்.”

உண்மையிலேயே ஓடிவிட்டது. அடுத்தடுத்து வேளைக்கு ஒன்றாக நானே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். அந்த அட்டை என் தலையணைக்கு அடியிலேயே தங்கிவிட்டது. அது எங்களுக்கு மருந்தாகவே தோன்றவில்லை. டீ குடிப்பது மாதிரி ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

தினமும் காலையில் டாக்டர் அம்மா வந்து, தண்ணீர் குடிக்கிறாளா என்று கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் “குடிக்கிறா டாக்டர்” என்று மாமியார் சொல்லிவிடுவார். நான் தலையாட்டுவேன். சிறுநீர் கொஞ்சமாக, கடும் மஞ்சளாகப் போனது. சொல்லலாமா, வெயிலுக்கு அப்படித்தான் இருக்குமோ, சொன்னால் மாமியார் பொய் சொன்னதாக ஆகிவிடுமோ என்று குழப்பம். பால் சரியாக ஊறாமல் குழந்தை வீறிட்டு அழுதபோது, என்னிடம்தான் ஏதோ குறை என்று முடிவுகட்டிக்கொண்டேன். என் முகம் உப்பியது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், “பிள்ளை பெத்த களை வந்துடுச்சு” என்று சந்தோஷப்பட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் அந்தக் களை என்னவென்று தெரிந்தது. கிரியேட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை.

டாக்டர் அம்மா கட்டில் பக்கத்தில் வந்து நின்று, என்ன சாப்பிட்டாள், என்ன குடித்தாள், வேறு ஏதாவது மாத்திரை போட்டாளா என்று கேட்டார். என் கணவர், “நீங்க சொன்ன மாதிரிதான் எல்லாம் குடுக்கறோம் டாக்டர்” என்றார். பாவம், அவருக்கு எதுவும் தெரியாது. மாமியார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். குழந்தை என் மடியில் உதடுகளைச் சப்பிக்கொண்டு பாலுக்குத் தேடிக்கொண்டிருந்தது.

நான் எப்படிப் பேசினேன் என்று இன்று யோசித்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது.

“தண்ணி குடுக்கல டாக்டர். இந்த மாத்திரையும் போட்டுட்டிருக்கேன்” என்று தலையணைக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன்.

டாக்டர் அம்மா அதை வாங்கிப் பார்த்தார். கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மாமியாரையும் பக்கத்தில் வரச் சொன்னார்.

“இவளுக்கு ஏற்கெனவே பிரஷர். ஆபரேஷன்ல ரத்தம் வேற போயிருக்கு. அதுக்கு மேல தண்ணியும் இல்ல. இந்த வலி மாத்திரை கிட்னிக்கு வர்ற ரத்தத்தையே கம்மி பண்ணும். ஒண்ணு மட்டும் வந்தா கிட்னி சமாளிச்சிக்கும். எல்லாம் சேர்ந்து வந்தா எப்படிம்மா தாங்கும்?”

நான் கேட்டது ஒன்றுதான். சரியாகிவிடுமா? இப்போது கவனித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். கவனிக்காமல் விட்டாலோ, மறுபடி மறுபடி இப்படி அடிபட்டாலோ, நாள்பட்ட நோயாக நின்றுவிடும் என்றார். ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று கீழ்த்தளத்தில் பார்த்த, டயாலிசிஸ் அறை வாசலில் சக்கர நாற்காலிகளில் காத்திருந்தவர்கள் எனக்கு ஞாபகம் வந்தார்கள். அவர்களில் என் வயதில் ஒருத்தி இருந்தாள்.

வீட்டுக்குப் போவது நின்றது. டிரிப்ஸ் ஏற்றினார்கள். எவ்வளவு குடிக்க வேண்டும் என்று டாக்டர் அளவு சொன்னார். கணவர் ஒரு பெரிய பாட்டில் வாங்கி வந்து வைத்தார்.

அன்று மாலை ஆற்காட்டிலிருந்து மாமியாரின் தங்கை மக்கன் பேடா இனிப்போடு வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்காரர்கள் பயமுறுத்தத்தான் செய்வார்கள், நாமாகப் பார்த்து இருக்க வேண்டும் என்று மாமியாருக்குத் தைரியம் சொன்னார். மாமியாரின் கை மெல்ல அந்தப் பாட்டிலை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்தது.

தையலைப் பிடித்துக்கொண்டு குனிந்து அதை எடுத்தேன். மூடியைத் திறந்து, மீதியிருந்த தண்ணீர் முழுவதையும் எல்லார் முன்னாலும் அண்ணாந்து குடித்தேன்.

“ஏய், பச்ச உடம்புக்காரி, இன்னாடி பண்ற?” என்று ஆற்காட்டு அத்தை எழுந்தே விட்டார்.

பக்கத்துக் கட்டிலில் மகளுக்குத் துணையாக வந்திருந்த பேர்ணாம்பட்டு அம்மா, பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, “விடுங்கக்கா. பாலாத்துலதான் தண்ணி இல்ல. அந்தப் பொண்ணாச்சும் குடிச்சிட்டுப் போவட்டும்” என்றார். வார்டில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள்.

மாமியார் சிரிக்கவில்லை. “வயிறு போட்டுடும்னு சொல்றேன், கேக்க மாட்டேன்ற.”

“போட்டா போடட்டும் அத்தை.”

“எனக்கு எவ குடுத்தா தண்ணி?” திடீரென்று அவர் குரல் உடைந்தது. “மூணு பெத்தேன். தாகம் தாங்காம ஈரத் துணிய ஒளிச்சி வெச்சி சப்பினேன். நான் இன்னா செத்தா போய்ட்டேன்?”

மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை.

“உங்களுக்கும் குடுத்திருக்கணும் அத்தை. குடுக்காம விட்டது தப்பு. என்னோட அது நிக்கட்டும்” என்றேன்.

அவர் காலி பாட்டிலை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வெளியே போனார். வெகு நேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். பாட்டிலில் தண்ணீர் இருந்தது. பாதிதான் இருந்தது.

நான் கட்டிலை விட்டு இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய், மீதிப் பாதியை நானே பிடித்துக்கொண்டு வந்தேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அந்த நடைதான் ஆபரேஷனுக்குப் பிறகு நான் துணையில்லாமல் நடந்த முதல் நடை.

கிரியேட்டினின் மெதுவாக இறங்கியது. பால் ஊறியது. ஆனாலும் கர்ப்பத்தில் பிரஷர் வந்தவள், சிறுநீரகம் ஒரு முறை அடிபட்டவள் என்பதால், இனி எப்போதும் பிரஷரையும் ரத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒவ்வொரு முறை முடிவு வரும்போதும் அந்த எண்ணை இரண்டு தடவை பார்க்கிறேன். பயம் போகவில்லை. பயத்தோடு போய் நிற்கப் பழகிவிட்டேன்.

கம்பெனியில் இப்போது என் மேஜை மேலேயே பாட்டில் நிற்கிறது. “இன்னா மேடம், அடிக்கடி டூர் போறீங்க?” என்று, நான் பாத்ரூம் போவதைப் பார்த்து லைன் சூப்பர்வைசர் ஒரு நாள் கிண்டல் செய்தார். “கிட்னி ஓடிட்டிருக்கு சார். அது நின்னா லீவு ஜாஸ்தி ஆயிடும்” என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மறுநாள் இன்னும் சில பாட்டில்கள் பையிலிருந்து மேஜைக்கு ஏறின.

மாமியாரைச் சண்டை போட்டே பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். அவருக்குச் சர்க்கரை இருப்பதும், சிறுநீரகம் விளிம்பில் நிற்பதும் அப்போதுதான் தெரிந்தது. வலி மாத்திரையை முழுவதும் விட்டுவிட்டார் என்று சொல்ல மாட்டேன். என்னைக் கண்டால் கைப்பையை அவசரமாக மூடுகிறார். நானும் அந்தப் பையை விடுவதாக இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சொன்னதுதான் நடந்தது. என் வயிறு போட்டுவிட்டது. தண்ணீரால் இல்லை, பிள்ளை பெற்றதால் என்று சொன்னால் அவர் நம்புவதாயில்லை. கல்யாண வீடுகளில் உறவுக்காரர்கள், “இன்னா, மறுபடியும் விசேஷமா?” என்று என் வயிற்றைப் பார்த்துக் கேட்கும்போது, மாமியார் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்பதுபோல என்னைப் பார்ப்பார். நான் முந்தானையை இழுத்து மூடுவதில்லை. பந்தியில் உட்கார்ந்ததும் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு, அவர் இலைக்குப் பக்கத்திலும் ஒன்றை ஊற்றி வைக்கிறேன். இன்றும் நான் எதற்கும் இரண்டு தடவை யோசிப்பவள்தான், கேஸை மூடினேனா என்று இன்றும் திரும்பி வருகிறவள்தான். ஆனால் தாகம் எடுத்தால் மட்டும், யார் பார்க்கிறார்கள் என்று யோசிப்பதை அந்த வார்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.